மாலை மூன்றரை மணி

கனடாத் தமிழரின் வரலாற்றை எழுதுபவர்கள் மூன்று திகதிகளைத் தவறவிடுவதில்லை. முதலாவது 1983 ஜூலை. இரண்டாவது 1985 ஏப்ரல் 4: அகதிக் கோரிக்கையாளர் நேரில் பேசித் தம் தரப்பைச் சொல்ல உரிமையுடையவர் என்று கனடிய உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில் தீர்ப்பளித்த நாள். மூன்றாவது 1986 ஓகஸ்ட் 11: நியூபவுண்ட்லாந்துக் கரைக்கப்பால் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் மீட்ட நாள். நாம் எப்படி வந்தோம் என்பதை இந்தத் திகதிகள் சொல்கின்றன. வந்தபின் ரொறன்ரோவில் ஒரு கணவனும் மனைவியும் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையை எப்படிக் கழித்தார்கள் என்பதை அவை சொல்வதில்லை.

பல குடும்பங்களில் ஆண்தான் முதலில் வந்தான். வெல்லெஸ்லி வீதிக்கும் பார்லிமென்ட் வீதிக்கும் அருகே, சென்ற் ஜேம்ஸ் ரவுணின் உயர்ந்த மாடிகளில், நான்கைந்து பேரோடு ஓர் அறையில் பாய் போட்டுப் படுத்தான். 1960களில் அந்தக் கட்டடங்களை எழுப்பியவர்கள் நடுத்தர வர்க்கத்து இளைஞர்களையும் புதுத் தம்பதிகளையும் மனத்தில் வைத்துத்தான் கட்டினார்கள். பின்னால் மனைவி வந்து சேர்ந்தபோது நம்மவர்களும் புதுத் தம்பதிகள்தான். ஆனால் வரவேற்பறையில் அவனுடைய மச்சானோ ஊர்க்காரப் பெடியனோ படுத்திருந்தான்.

ஒருவர் உழைப்பு போதவில்லை. பயண முகவரிடம் பட்ட கடன், அடுத்து வரவேண்டிய தம்பி, ஊரில் தங்கைக்குச் சீதனம், மாதம் கட்டவேண்டிய சீட்டு என்று செலவுகள் வரிசையில் நின்றன. ஒன்ராறியோவின் ஆகக்குறைந்த சம்பளம் 1995 ஜனவரியில் மணிக்கு 6.85 டொலர் ஆனது. 2004 பெப்ரவரி வரை அது ஒரு சதம்கூட ஏறவில்லை. வாடகை அப்படிக் காத்திருக்கவில்லை. ஆகவே மனைவியும் பக்டரிக்குப் போனாள்.

பிள்ளை பிறந்ததும் கணக்கு இன்னும் இறுகியது. ஊரென்றால் அம்மம்மா இருப்பார், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு மாமி இருப்பார். இங்கே பிள்ளைப் பராமரிப்பு நிலையத்துக்குக் கொடுக்கிற காசு ஒருவருடைய சம்பளத்தில் பெரும் பங்கை விழுங்கிவிடும். அதற்கு அவர்கள் கண்ட வழி, ஒருவர் காலை ஷிப்ட், மற்றவர் பின்னேர ஷிப்ட். மனைவி ஏழு மணிக்கு வேலை தொடங்கி மூன்றரைக்கு முடிப்பாள். கணவன் நான்கரைக்குத் தொடங்கி நடுச்சாமம் கழித்து வருவான். இடையிலுள்ள ஒரு மணி நேரத்தில் பஸ் தரிப்பிடத்திலோ லிப்ற் வாசலிலோ பிள்ளை கைமாறும். “சாப்பிட்டவளோ?” “ஓம். காய்ச்சல் மருந்து ஆறு மணிக்கு.” பல நாட்களில் கணவன் மனைவி பேச்சு அவ்வளவுதான்.

மிச்சத்தைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிய துண்டுக் கடதாசிகள் பேசின. எங்கள் வீட்டில் அம்மா அப்பாவின் பெயரைச் சொன்னதில்லை. “இஞ்சாருங்கோ” என்றுதான் கூப்பிடுவார். அந்தச் சொல்லைக் கடதாசியில் எழுத முடியுமா? அவர் எழுதவில்லை. விளிப்பே இல்லாமல் “வாடகைச் செக் மேசையில். புட்டு அவித்து வைத்திருக்கு” என்று தொடங்கும். அப்பா அடியில் “சரி” என்று எழுதிவைப்பார்.

ஞாயிறாவது மிஞ்சியதா என்றால் அதுவும் எல்லோருக்கும் இல்லை. 1992இல் ஒன்ராறியோ ஞாயிற்றுக்கிழமைக் கடை வியாபாரத்தை அனுமதித்தது. கடைகளில் நின்றவர்களுக்கு அந்த நாளும் வேலைநாள் ஆனது. சுரங்க ரயிலோ அந்த நாட்களில் ஞாயிறு காலை ஒன்பது மணிக்குத்தான் ஓடத் தொடங்கியது. விடியப்புறம் போகவேண்டியவர்கள் பனியில் பஸ்ஸுக்கு நின்றார்கள்.

இந்த வாழ்க்கை வீட்டின் ஒழுங்கையும் மாற்றியது. ஊரில் அடுப்படிப் பக்கம் எட்டிப்பாராத ஆண் அரிசி கழுவினான், மகளுக்குத் தலை பின்னிவிட்டான். தன் பெயரில் சம்பளச் செக் வாங்கிய பெண், சீட்டுக் காசை எதற்கு எடுப்பது என்று கேட்கத் தொடங்கினாள். அதனால் சண்டைகளும் வந்தன. ஆனால் சண்டை போடுவதற்கும் இருவரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டும். அது கிடைக்காத வீடுகளில் மௌனம்தான் குடியிருந்தது.

இங்கே வளர்ந்த நாங்கள் “அம்மா அப்பா எப்பவும் வேலை, வீட்டில் ஆளே இல்லை” என்று சொல்லிப் பழகிவிட்டோம். கணக்கைத் திருப்பிப் பார்த்தால் அது பிழை. வீட்டில் எப்போதும் ஒருவர் இருந்தார். இல்லாமல் போனது, இருவரும் சேர்ந்திருந்த நேரம். எங்களுக்குக் குறையாமல் இருக்க, தங்களுக்குள் இருந்ததை அவர்கள் வெட்டிக் கொடுத்தார்கள்.

இன்று அந்தத் தம்பதிகளில் பலர் ஓய்வுபெற்று, நாள் முழுக்க ஒரே வீட்டில் இருக்கிறார்கள். என்ன பேசுவதென்று தெரியாமல் ஒருவர் தொலைக்காட்சியோடும் மற்றவர் தொலைபேசியோடும் இருப்பதைப் பார்த்து நாங்கள் சிரிப்பதுண்டு. சிரிப்பதற்கு முன் ஒன்று கேட்கலாம்: “அந்த நாளில உங்கட ஷிப்ட் எத்தனை மணி?” அந்தப் பதில் எந்த அரசு ஆவணத்திலும் இல்லை. குளிர்பெட்டிக் கடதாசிகளை யாரும் சேர்த்து வைக்கவில்லை. மூன்றரை மணிக்கு யார் வாசலில் நின்றார்கள் என்பது அவர்கள் இருவருக்கும்தான் தெரியும்.