கிணற்று நீரில் கரைந்த பசளை: கற்பிட்டி நைத்திரேற்றுக் கணக்கில் விடுபட்ட வரவு

இலங்கையின் கற்பிட்டிக் குடாநாட்டின் தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பது இன்று ஐயத்துக்குரியதல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டல் அளவான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டிய கிணறுகள் அங்கே பலமுறை பதிவாகியுள்ளன. அந்த எண்களை எப்படி வாசிப்பது என்பதில்தான் கருத்து வேறுபாடு. மேலோங்கிய ஆய்வுப் போக்கு கிணற்று நைத்திரேற்றை விளைவாக மட்டுமே கொள்கிறது: இட்ட பசளையில் பயிர் எடுத்தது போக எஞ்சியது மணலில் கசிந்து கிணற்றில் சேர்கிறது. இவ்வாசிப்பு தவறல்ல, ஆனால் இதில் கணக்கின் ஒரு பக்கமே இருக்கிறது.

அதன் வரவுப் பத்தியில் பசளை மூடைகள் மட்டுமே எழுதப்படுகின்றன. தோட்டத்துக்கு இறைக்கும் நீரும் அதே கிணற்று நீர்தான். அதிலுள்ள நைதரசன் எங்கும் வரவு வைக்கப்படுவதில்லை. அது எவ்வளவு? நைத்திரேற்றின் நிறையில் சுமார் 22.6 சதவீதம் நைதரசன். எனவே லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று உள்ள ஒரு கனமீற்றர் நீரில் 11.3 கிராம் நைதரசன் இருக்கும். ஒரு போகத்தில் 500 மில்லிமீற்றர் நீர் பாய்ச்சப்படுவதாகக் கொண்டால், ஓர் ஏக்கருக்கு இறைக்கப்படுவது சுமார் 2,020 கனமீற்றர். அதனுடன் வரும் நைதரசன் ஏறத்தாழ 23 கிலோகிராம். 46 சதவீத நைதரசன் கொண்ட யூரியாவாக மாற்றினால் அது 50 கிலோகிராம், அதாவது ஒரு முழு மூடை. கிணற்றில் நைத்திரேற்று 100 மில்லிகிராமானால் இரண்டு மூடை.

500 மில்லிமீற்றர் என்பது எடுகோள். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும், மழைப் போகத்துக்கும் வறட்சிப் போகத்துக்கும் அது வேறுபடும். ஆயினும் பாதியாகக் குறைத்தாலும் அரை மூடை மிஞ்சுகிறது. சிபாரிசு அளவை ஒரு கிராம்கூட மீறாத விவசாயியும், கிணற்று நீரைக் கணக்கில் எடுக்காதவரை, தன்னையறியாமலே பயிருக்கு மிகையாக இடுகிறார். அவரை ‘அளவுக்கு மீறிப் பசளை இடுபவர்’ எனக் குற்றஞ்சாட்டும் வாசிப்பை ஏற்க முடியாதது இதனால்தான்.

உப்பு நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கும் நன்னீர், சேதனப் பொருள் குறைந்த மணல், ஆழமற்ற நீர்மட்டம் ஆகியவை கிணற்றுக்கும் தோட்டத்துக்கும் இடையிலான இந்த நைதரசன் சுழற்சியை இறுக்குகின்றன. காற்றோட்டமுள்ள இம்மணலில் நைத்திரேற்று வாயுவாக மாறி வெளியேறும் வாய்ப்புக் குறைவு. இறைத்த நீரின் ஒரு பகுதி ஆவியாகிறது. பயிர் எடுக்காத நைதரசன் அடுத்த பாய்ச்சலிலோ மழையிலோ கீழிறங்கி, மறுபடி கிணற்றுக்கே வருகிறது.

நைத்திரேற்று மலசலகூடக் குழிகளிலிருந்தும் வரலாம் என்பர். குடியிருப்புகளை அண்டிய கிணறுகளில் அது உண்மையே. ஆனால் நைதரசன் எங்கிருந்து வந்தாலும் பயிருக்கு அது நைதரசன்தான், கணக்கு மாறாது. நீரில் வரும் நைதரசன் முழுவதும் வேருக்குக் கிட்டாது என்பது மற்றொரு மறுப்பு. மூடையில் வருவதும் முழுவதும் கிட்டுவதில்லை. பாய்ச்சல்தோறும் சிறிது சிறிதாகச் சேர்வதால், கிணற்று நைதரசனை ஆழமற்ற வேருள்ள வெங்காயம் கூடுதலாகப் பயன்படுத்தவே வாய்ப்பு அதிகம். 2021இன் இரசாயனப் பசளை இறக்குமதித் தடையை, கிணற்று நைதரசனைக் கழித்துப் பசளை இடுவதற்கு முன்னுதாரணமாகக் காட்டுவதும் பொருந்தாது. ஒரேயடியாக நிறுத்துவது வேறு, இருப்பதைக் கழித்து இடுவது வேறு.

எதிர்ச் சவ்வூடுபரவல் சுத்திகரிப்பு நிலையங்களையே நிலைபேறான நீர்த் தொழில்நுட்பமாக முன்வைக்கும் ஆய்வுகளும் இங்கு மறுபரிசீலனைக்குரியவை. குழந்தைக்குக் கொடுக்கும் நீருக்கு அவை இன்று அவசியம். ஆனால் உள்ளெடுத்த நீரில் பாதி கழிவாக வெளியேறினால், அக்கழிவில் நைத்திரேற்று ஏறத்தாழ இரட்டிப்பாகும். அதை அருகிலுள்ள மணலில் விட்டால் அது அதே நன்னீர்ப் படைக்கே திரும்புகிறது.

தூய்மையாக்கும் பணியைத் தோட்டத்திலேயே தொடங்க முடியும். அங்கே பயிரே வடிகட்டி. பல்கலைக்கழக ஆய்வுகூடங்கள் கிணற்று உரிமையாளருக்குத் தரும் அறிக்கை ‘குடிக்க உகந்ததல்ல’ என்பதுடன் நின்றுவிடக் கூடாது. இந்நீரைப் பாய்ச்சினால் ஏக்கருக்கு எத்தனை கிலோ யூரியாவைக் குறைக்கலாம் என்ற எண்ணும் அதில் இருக்க வேண்டும். அந்த எண்ணைப் பயிர்வாரியாகக் களத்தில் சோதித்து விவசாயப் போதனாசிரியரின் கையில் கொடுப்பதே கற்பிட்டி நீராய்வின் அடுத்த கடமை.