பிளிட்ஸை விற்ற கடை

பீட்டில்ஸ் குழுவின் ஜான் லென்னன் பிறந்தது 1940 அக்டோபர் 9. லண்டன் மீது ஜெர்மன் விமானங்கள் இரவு தவறாமல் குண்டு போட்ட ‘பிளிட்ஸ்’ தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. அதே போர்க்கால லண்டனின் கிழக்குப் பகுதியில், ராயல் ஓக் என்ற பப்பில், கேரி ஸ்பாரோ என்பவன் பியானோ முன் உட்கார்ந்து பீட்டில்ஸ் பாட்டுகளைத் தன் சொந்தச் சரக்கு என்று பாடிக் கைதட்டல் வாங்குகிறான். லாரன்ஸ் மார்க்ஸும் மாரிஸ் கிரானும் உருவாக்கிய ‘குட்நைட் ஸ்வீட்ஹார்ட்’ என்ற பிபிசி நகைச்சுவைத் தொடரில் வரும் காட்சி இது. 1993 நவம்பர் முதல் 1999 ஜூன் வரை, ஆறு பருவங்கள், 58 பகுதிகள். கேரி 1990களின் லண்டனில் டி.வி. ரிப்பேர் பார்ப்பவன். வழி தவறி டக்கெட்ஸ் பேசேஜ் என்ற சந்துக்குள் நுழைந்தவன், மறுமுனையில் 1940க்குள் போய் நிற்கிறான். அங்கே பப்பில் வேலை பார்க்கும் ஃபீபி மீது காதல். இங்கே வீட்டில் மனைவி இவான். இரண்டு காலம், இரண்டு குடித்தனம் என்று ஓடும் கதையைப் பிரிட்டனின் மிதமான போர்க்கால ஏக்கத்துக்கு உதாரணமாகச் சொல்லி ஒதுக்கிவிடுவது வழக்கம். அந்த ஏக்கம் எப்படி ஒரு தொழிலாக நடந்தது, அதன் வரவு எது, செலவு எது என்பதற்கு இந்தத் தொடரைவிட நேர்மையான கணக்கேடு பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் இல்லை என்பது என் எண்ணம்.

காரணம், கேரி காதலன் என்பதைவிடக் கடத்தல்காரன். இங்கிருந்து அங்கே போகும்போது அவன் கையில் காலுறையும் சாக்லெட்டும் இருக்கும். 1940 ஜனவரியில் பன்றி இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை என்று ரேஷன் தொடங்கிய நாட்டில் அவற்றைக் கொண்டுவருகிறவன் தேவதூதனாகத்தான் தெரிவான். அங்கே செலவழிக்கப் பழைய பணம் வேண்டும். அதை அச்சடித்துத் தருபவன் அச்சுத் தொழில் பார்க்கும் நண்பன் ரான். அந்தக் காலத்து ஐந்து பவுண்டு நோட்டு வெள்ளைத்தாளில், ஒரே பக்கத்தில், கறுப்பு மசியில் அச்சிட்டது. ஒரு தொழிலாளியின் ஒரு வாரக் கூலிக்குச் சற்று மேலேயே வரும். ரானின் வேலையை நிஜத்தில் ஜெர்மனி செய்துகொண்டிருந்தது. சாக்சன்ஹவுசன் முகாமில் கைதிகளை வைத்து நாஜிகள் இதே நோட்டுகளைக் கள்ளத்தனமாக அடித்துத் தள்ளினார்கள். கள்ளநோட்டுக்குப் பயந்து 1943இல் இங்கிலாந்து வங்கி பத்து பவுண்டும் அதற்கு மேற்பட்டதுமான நோட்டுகளை வெளியிடுவதையே நிறுத்தியது. தொடரின் நாயகன் எதிரியின் பொருளாதாரப் போர்முறையைக் காதலுக்குப் பயன்படுத்துகிறான் என்பதை எழுத்தாளர்கள் எவ்வளவு யோசித்து வைத்தார்களோ, நகைச்சுவை நன்றாகவே பொருந்துகிறது. எதிர்த்திசையிலும் சரக்கு நகர்கிறது. பின்னால் வரும் பருவங்களில் கேரி ரிப்பேர் வேலையை விட்டுவிட்டு, ‘பிளிட்ஸ் அண்ட் பீசஸ்’ என்று சிலேடைப் பெயர் வைத்த ஒரு கடை திறக்கிறான். 1940களில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் பொருள்களை வாங்கிவந்து, 1990களில் அரும்பொருள் விலைக்கு விற்பதுதான் வியாபாரம். சரக்கு புத்தம் புதிதாக இருக்கிறதே என்று வாங்குகிறவர் சந்தேகப்பட வேண்டும். ஆனால் ஆசைப்பட்டு வருகிறவர் அவ்வளவு உற்றுப் பார்ப்பதில்லை.

அந்தக் கடை வானத்திலிருந்து குதித்த கற்பனை அல்ல. 1989இல் லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகம் ‘பிளிட்ஸ் அனுபவம்’ என்ற கூடத்தைத் திறந்தது. பார்வையாளர்கள் ஒரு பதுங்குமிடத்தில் உட்கார, பலகை அதிர்ந்தது, புகை வந்தது, பிறகு இடிந்த தெரு ஒன்றின் வழியே நடத்திச் சென்றார்கள். 1992இல் டூலி தெருவில் சர்ச்சிலின் பெயரைத் தாங்கிய இன்னொரு போர்க்காட்சிக் கூடம் கட்டண நுழைவோடு வந்தது. போர் தொடங்கியதன் பொன்விழா 1989, முடிந்ததன் பொன்விழா 1995; இந்த இரண்டுக்கும் நடுவில் அந்த இரவுகள் சீட்டு வாங்கிப் பார்க்கும் பொருளாகிவிட்டன. தொடர் முடிந்த பிறகும் வியாபாரம் நிற்கவில்லை. ‘பதறாதே, வேலையைப் பார்’ என்ற பொருள்படும் ஆங்கில வாசகம் தாங்கிய சிவப்புச் சுவரொட்டியை இன்று தேநீர்க் கோப்பையிலும் துண்டிலும் பார்க்காதவர் இல்லை. 1939இல் சுமார் 25 லட்சம் பிரதி அச்சடிக்கப்பட்டு, ஏறக்குறைய ஒட்டப்படாமலேயே கிடந்து, பெரும்பாலும் கூழாக்கப்பட்ட சுவரொட்டி அது. அதற்கு முன் ஒட்டியவை மக்களுக்குப் பிடிக்காததே ஒரு காரணம்: உங்கள் தைரியம் எங்களுக்கு வெற்றி தரும் என்கிற தொனியில், பாடுபடுவது ஒரு கூட்டம் பலன் பெறுவது வேறு கூட்டம் என்று அது காதில் விழுந்தது. 2000இல் நார்தம்பர்லாந்தின் ஆனிக் ஊரில் ஒரு பழைய புத்தகக் கடையில், ஏலத்தில் எடுத்த பெட்டியின் அடியில் ஒரு பிரதி அகப்பட்டது. போர்க்காலத்தவர் ஏறிட்டும் பார்த்திராத தாள் போர்க்கால மனஉறுதியின் முத்திரையானது இப்படித்தான். கேரியின் கடையில் விற்ற பொருள்களாவது அசல்.

படம்பிடித்த தெருவையே எடுத்துக்கொள்வோம். ராயல் ஓக் என்று காட்டப்பட்ட பப் பெத்னல் கிரீனில், கொலம்பியா சாலையில் நிஜமாகவே நிற்கிறது. டக்கெட்ஸ் பேசேஜாக நடித்தது பக்கத்து எஸ்ரா தெரு. 1940 செப்டம்பர் 7, பிளிட்ஸின் முதல் இரவு. அதே சாலையில் இருந்த கொலம்பியா மார்க்கெட்டின் நிலவறைப் பதுங்குமிடத்துக்குள், காற்றுக்காக விட்ட துவாரம் வழியே ஒரு குண்டு விழுந்து, பத்திரம் என்று நம்பி உட்கார்ந்திருந்தவர்களைக் கொன்றது. அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் பெத்னல் கிரீன் சுரங்க ரயில் நிலையம். 1943 மார்ச் 3 இரவு சைரன் ஒலித்து மக்கள் இறங்கிக்கொண்டிருக்கும்போது விக்டோரியா பூங்காவிலிருந்து புதுவகை விமான எதிர்ப்பு ராக்கெட்டுகள் பெருஞ்சத்தத்தோடு கிளம்பின. கூட்டம் உந்தியது, படியில் ஒரு பெண் தடுக்கி விழுந்தார், அவர் மேல் அடுத்தவர், அவர் மேல் அடுத்தவர். மங்கலான ஒற்றை விளக்கு, நடுவில் கைப்பிடி கிடையாது. 173 பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள், அதில் 62 பேர் குழந்தைகள். அன்றிரவு அங்கே ஒரு குண்டுகூட விழவில்லை. நுழைவாயிலைத் திருத்தப் பணம் வேண்டும் என்று வட்டார நிர்வாகம் 1941இலேயே கேட்டு, கிடைக்காமல் போயிருந்தது. எந்த நிலையம் என்று பத்திரிகைகள் எழுதத் தடை. விசாரணை அறிக்கையும் போர் முடியும்வரை மூடியே இருந்தது. இடைப்பட்ட நேரத்தில் யூதர்கள்தான் முண்டியடித்தார்கள் என்ற வதந்தி பரவியது. விசாரித்த நீதிபதி அதற்கு ஆதாரமே இல்லை என்று எழுத வேண்டியிருந்தது. அந்தப் படிக்கட்டில் ஒரு நினைவுப் பலகை பதிக்க 1993 ஆனது. தொடர் தொடங்கிய அதே ஆண்டு.

அதே 1993 செப்டம்பரில், கிழக்கு லண்டனின் மில்வால் வட்டார இடைத்தேர்தலில் வெள்ளையின வாதம் பேசும் பிரிட்டிஷ் தேசியக் கட்சி 7 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தது. வங்கதேசத்திலிருந்து குடிவந்தவர்களுக்கு வீடு போகிறது, எங்களுக்கு இல்லை என்பதே அங்கே நடந்த பிரசாரம். துறைமுகங்கள் மூடி, கேனரி வார்ஃப் கோபுரம் எழுந்து, பக்கத்திலேயே வேலையில்லாத தெருக்கள். முன்பெல்லாம் நாம் எப்படி ஒன்றாக இருந்தோம் என்ற பேச்சுக்கு அந்த இடத்தில், அந்த நேரத்தில், கிராக்கி இருந்தது என்றால் வியப்பில்லை. இரண்டு மாதம் கழித்து கேரி சந்துக்குள் நுழைந்தான்.

ஒரு காமெடித் தொடர் மீது இவ்வளவு பாரம் ஏற்றலாமா என்று கேட்கலாம். வெறும் சிரிப்புத் தொடராக இருந்தால் ஏற்றக் கூடாது. ஆனால் இதை எழுதியவர்கள், இதற்கு முன் தாட்சர் காலத்து எம்.பி. ஒருவனை வெறும் பேராசைப் பிண்டமாகக் காட்டிய ‘தி நியூ ஸ்டேட்ஸ்மன்’ தொடரை எழுதியவர்கள். வணிகம் மனிதனை என்ன செய்யும் என்பது அவர்களுக்குத் தெரியாத விஷயம் அல்ல. கேரியை வீரன் என்று அவர்கள் ஓரிடத்திலும் சொல்லவில்லை. மனைவியிடம் பொய், காதலியிடம் பொய், பாட்டு திருட்டு, நோட்டு கள்ளம். நிகழ்காலத்தில் யாரும் மதிக்காத ஆள், கடந்த காலத்தில் மதிப்புப் பெறுவது எதனால் என்று கேட்டால், அடுத்து என்ன நடக்கும் என்பது அவனுக்குத் தெரியும், நினைத்தால் வீட்டுக்குத் திரும்ப முடியும் என்ற இரண்டே காரணம்தான் கிடைக்கும். ஃபீபியின் தந்தை எரிக் குண்டுவீச்சில் சாகிறார். அவருக்கு அந்தச் சந்து திறக்காது. திரும்பிப் போகும் வழி கையில் இருப்பவனுக்குத்தான் அந்தத் தெரு அழகாக இருக்கிறது என்பதை இதைவிட வெளிப்படையாகச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு மறுப்பு கனமானது. அந்த ஒற்றுமை வெறும் வியாபாரக் கட்டுக்கதையா? அனுபவித்தவர்களே அப்படி ஒரு காலம் இருந்தது என்று சொன்னார்களே? சொன்னார்கள், பொய்யும் இல்லை. குண்டு விழுந்தால் முதல் 60 நாளில் 6 லட்சம் பேர் சாவார்கள் என்று போருக்கு முன் அரசு நிபுணர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். பிளிட்ஸ் எட்டு மாதம் நடந்தும் நாடு முழுவதும் இறந்த பொதுமக்கள் 43,000 போல. ஏறத்தாழப் பாதிப்பேர் லண்டனில். நகரம் நிலைகுலைந்து ஓடவில்லை. ஆனால் அந்த மனஉறுதிக்குள் கோபமும் சேர்ந்திருந்தது என்பதே கடைச் சரக்கில் விட்டுப்போகும் பகுதி. 1940 செப்டம்பர் 14 அன்று, கம்யூனிஸ்ட்டான ஃபில் பிராட்டின் ஸ்டெப்னியிலிருந்து எழுபது எண்பது பேரை, குழந்தைகளோடு, சாவோய் ஹோட்டலுக்கு அழைத்துப் போய், பணக்கார விருந்தினருக்கென்று கட்டிய பதுங்குமிடத்தில் உட்கார்ந்துகொண்டார். சுரங்க ரயில் நிலையங்களில் படுக்கக் கூடாது என்றது அரசு. மக்கள் மலிவு டிக்கெட் ஒன்றை வாங்கிக்கொண்டு கீழே இறங்கி, மேலே வர மறுத்தார்கள். இன்று படங்களில் அழகாகத் தெரியும் அந்த நடைமேடைப் படுக்கைகள் அரசு கொடுத்தவை அல்ல, மக்கள் பிடித்துக்கொண்டவை.

அந்தக் கோபம் 1945 ஜூலையில் ஓட்டானது. சர்ச்சிலைப் போற்றிய அதே மக்கள் லேபர் கட்சிக்கு 393 இடம் கொடுத்து, கிழக்கு லண்டனின் லைம்ஹவுஸ் உறுப்பினர் கிளமென்ட் ஆட்லியைப் பிரதமராக்கினார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது பழைய தெரு அல்ல. வேறு வீடு, இலவச வைத்தியம். தொடரின் கடைசிப் பகுதி இதைத் தொடுகிறது. 1945 மே, ஐரோப்பாவில் வெற்றி நாள். கேரி ஆட்லியின் உயிரைக் காப்பாற்றுகிறான். கூடவே சந்து அவனுக்கு மூடிவிடுகிறது. சுவரில் எழுதி, மேலே தாள் ஒட்டி மறைத்த ஒரு செய்தியைத்தான் இவானும் ரானும் 1999இல் உரித்துப் படிக்கிறார்கள். திரும்பும் வழி போன கேரி இனி எல்லோரையும்போல அந்தக் காலத்தை வாழ்ந்து தீர்க்க வேண்டும். போரின்போது தட்டுப்பாடு வராத ரொட்டிக்கே 1946 ஜூலையில் ரேஷன் வந்தது, இரண்டு ஆண்டு நீடித்தது. 1947 குளிரில் நிலக்கரி போதாமல் ஆலைகள் நின்றன. இறைச்சி ரேஷன் முடிந்தது 1954 ஜூலையில். பாட்டும் சைரனும் இல்லாத, வரிசையில் நிற்கும் அந்த ஒன்பது ஆண்டுகளுக்குக் கூடமும் இல்லை, கோப்பையும் இல்லை. 2016 செப்டம்பரில் பிபிசி ஒரே ஒரு சிறப்புப் பகுதிக்காகக் கேரியை மறுபடி கொண்டுவந்தபோது, கதையை 1962இல் தொடங்கியது.