பின்னால் பிடித்த கை

நம் புத்தகக் கடைகளில் தன்னம்பிக்கை நூல்களுக்கென்று தனி அலமாரியே உண்டு. துணிச்சல் என்பது ஒருவர் தம் மனசுக்குள் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டிய சொத்து என்றே அவற்றில் பெரும்பாலானவை பேசுகின்றன. முதலில் பயத்தை வெல்ல வேண்டும், அப்புறம் காரியத்தில் இறங்க வேண்டும் என்பது அவை சொல்லும் வரிசை. இந்த வரிசை சரிதானா என்று எனக்கு நெடுநாளாக ஐயம் உண்டு. அதைச் சோதித்துப் பார்க்கச் சுமார் நூறாண்டு இடைவெளியில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளை எடுத்துக்கொள்கிறேன். இரண்டும் பெண்கள் சைக்கிள் பழகிய கதைகள். ஒன்று, 53 வயதில் சைக்கிள் ஏறிய அமெரிக்கப் பெண்மணி பிரான்சிஸ் வில்லார்டின் கதை. மற்றது, 1991-92இல் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தின்போது சைக்கிள் பழகிய புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமப் பெண்களின் கதை.

வில்லார்ட் சாதாரணப் பெண்மணி அல்லர். 1839இல் பிறந்தவர். மது ஒழிப்புக்காகப் போராடிய கிறித்தவப் பெண்கள் சங்கத்துக்கு 1879 முதல் 1898இல் இறக்கும்வரை தலைவராக இருந்தவர். ஊர் ஊராகப் போய் ஆயிரக்கணக்கானோர் முன்னால் மேடையேறிப் பேசியவர். அவருக்குத் துணிச்சல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் சைக்கிள் முன்னால் நின்றபோது அவருக்குக் கை நடுங்கியது. மேடைத் துணிச்சல் சைக்கிளுக்கு உதவவில்லை. இந்த ஒரு செய்திக்காகவே அவருடைய கதையை நான் மதிக்கிறேன். தைரியசாலி, கோழை என்று ஆட்களை இரண்டு கட்சியாகப் பிரித்துவிடுகிறோம். ஒரே ஆள் ஓரிடத்தில் புலியாகவும் இன்னோரிடத்தில் நடுங்குபவராகவும் இருப்பதுதான் நடப்பு.

அவர் சைக்கிளுக்கு வந்ததற்கு ஒரு பழைய காயமும் காரணம். விஸ்கான்சின் பண்ணையில் ஓடியாடி வளர்ந்த பெண் அவர். 16 வயது வந்ததும் நீளப் பாவாடை, இடுப்பை இறுக்கும் உள்ளாடை, உயரக் குதிகால் செருப்பு என்று மாட்டிவிட்டார்கள். அன்றோடு திறந்தவெளி ஓட்டம் நின்றது. அந்த இழப்பை அவர் கடைசிவரை மறக்கவில்லை. 1892இல் தாயார் இறந்தார். உடம்பும் தளர்ந்தது. இங்கிலாந்தில் தோழி லேடி ஹென்றி சோமர்செட்டின் ஆதரவில் இருந்த காலத்தில்தான் சைக்கிள் பழகினார். அந்தத் தோழி கொடுத்த சைக்கிளுக்குக் கிளாடிஸ் என்று பெயரும் வைத்தார். பழகிய அனுபவத்தை 1895இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். ஏன் கற்றுக்கொண்டேன் என்பதற்கு அவர் தரும் காரணங்களில், இந்த வயதில் இவரால் முடியாது என்று பலர் நினைத்ததும் ஒன்று. எனக்குப் பிடித்த காரணமும் அதுதான்.

அந்த நூலில் ஒரு விவரத்தை அருகே போய்ப் பார்க்க வேண்டும். தினமும் சராசரியாகக் கால் மணி நேரம் என்று ஏறத்தாழ மூன்று மாதம் பழகினார். முதலில் பெடல் மிதிக்கவும், அடுத்துத் திருப்பவும், அதற்கடுத்து இறங்கவும் கற்றார். ஏறுவதைக் கற்றது கடைசியில்தான். தொடக்கத்தில் கட்டுமஸ்தான மூன்று இளைஞர்கள் சைக்கிளை அசையாமல் பிடித்துக்கொள்ள, அவர் மெல்ல சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பின்னர் தோழிகள் கூடவே நடந்து வந்தார்கள். யாரும் அருகில்கூட நிற்காமல் தாமே ஏறிக் கிளம்பியது ஒரு ஜனவரி 20ஆம் தேதி. அதைத் தம் சைக்கிள் வாழ்வின் பெருநாளாக எழுதுகிறார். தனியாகக் கிளம்பும் துணிச்சல் அவருக்கு வந்தது பயிற்சியின் கடைசிப் படியில்தான். தன்னம்பிக்கை அலமாரி சொல்லும் வரிசை இங்கே தலைகீழாகிவிடுகிறது.

ஆனால் வில்லார்ட் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் வேறு. சக்கரம் ஆடுவதற்கு முன்னால் மனசு ஆடுகிறது, முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் விழுவோம், பார்வையைத் தூரத்தில் வைத்தால் வண்டி நேராகப் போகும் என்கிறார். சைக்கிள் பழகிய எவருக்கும் இது தெரியும். குழியைப் பார்த்தபடியே போனால் குழியில்தான் இறங்குவோம். அந்த அளவில் அவர் சொல்வது மெய். ஒவ்வொரு தடுமாற்றத்தையும் வாழ்க்கைத் தத்துவமாக மாற்றிக்கொண்டே போகிறார். அப்படி மாற்றும்போது அவரைப் பிடித்திருந்த மூன்று இளைஞர்களும், கூட நடந்த தோழிகளும் கதையில் வந்துபோகும் துணைப் பாத்திரங்களாகிவிடுகிறார்கள். கடைசியில் நிற்பது அவருடைய மன உறுதி மட்டும்தான். அவரை அந்த இடத்துக்குக் கொண்டுவந்த வசதிகளும் பின்னுக்குப் போய்விடுகின்றன. இரு சக்கரமும் ஏறத்தாழ ஒரே அளவான பாதுகாப்பு சைக்கிள் சந்தைக்கு வந்தது 1885இல். டன்லப்பின் காற்றடைத்த டயர் 1888இல் வந்தது. முன்சக்கரம் ஆளுயரம் இருந்த பழைய வண்டியில் நீளப் பாவாடையோடு ஏறியே இருக்க முடியாது. கிளாடிஸ் ஒரு கண்டுபிடிப்பின் பிள்ளை. அன்றைக்கு அமெரிக்காவில் நல்ல சைக்கிள் ஒன்றின் விலை சுமார் 100 டாலர். கூலிக்கு உழைக்கும் பெண்ணுக்கு அது எட்டாக்கனி.

இனிப் புதுக்கோட்டைக்கு வருவோம். இங்கே தொடக்கமே வேறு. யாரும் தம்மைத் தாமே வளர்த்துக்கொள்ளச் சைக்கிளைத் தேடிப் போகவில்லை. தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988இல் தொடங்கியது. 1990இல் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டமானது. அந்த வழியில் புதுக்கோட்டையில் அறிவொளி வகுப்புகள் தொடங்கின. கற்க வந்தவர்களில் பெண்களே அதிகம். கற்றுக்கொடுக்கவும் ஒருங்கிணைக்கவும் தொண்டர்களாக வந்தவர்களிலும் பெண்கள் நிறைய. மாலையில் ஒரு கிராமத்து வகுப்பை முடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போக பஸ் கிடைக்காது. அப்பாவோ அண்ணனோ கணவரோ கொண்டுபோய் விட்டால்தான் உண்டு. இந்த இடத்தில்தான் மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் சைக்கிள் பயிற்சியை எழுத்தறிவுத் திட்டத்தின் ஒரு பகுதியாகவே ஆக்கினார். சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் வழி செய்யப்பட்டது.

பழகியவர்கள் யார் என்று பாருங்கள். வயல் கூலிகள், கல் குவாரியில் உழைத்தவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், சத்துணவுப் பணியாளர்கள், கிராம நர்சுகள், ஆசிரியைகள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அங்கே போய்ப் பார்த்து எழுதியவை 1996இல் வந்த அவருடைய நூலில் இருக்கின்றன. 1992 மகளிர் தினத்தன்று கொடி கட்டிய ஹேண்டில்பாரோடு மணியடித்துக்கொண்டு 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரத்துக்குள் சைக்கிளில் வந்த காட்சியை அவர் பதிவு செய்திருக்கிறார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. அதற்காக யாரும் காத்திருக்கவில்லை, ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். சீட்டிலிருந்து ஹேண்டில்பார் வரை போகும் அந்தக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பது அவர்களுக்குக் கூடுதல் வசதியாகவும் பட்டது. முன்கம்பியில் பிள்ளை, கேரியரில் தண்ணீரோ சந்தைச் சாமானோ என்று வண்டி கிளம்பியது. வில்லார்ட் தம் உடையைப் பற்றி விவரமாக எழுதியிருக்கிறார். தரையிலிருந்து மூன்று அங்குலம் உயர்த்திய ட்வீட் பாவாடை, வைக்கோல் தொப்பி, நடப்பதற்கான காலணி என்று தேர்ந்தெடுத்து உடுத்தினார். இந்தப் பெண்களிடம் இருந்தது வயலுக்குப் போகும் புடவை. அதையே இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினார்கள்.

பயத்தின் தன்மையும் வேறு. வில்லார்டுக்கு விழுந்தால் எலும்பு முறியும் என்ற பயமும், தலைவி இப்படிச் செய்யலாமா என்று பேசுவார்களே என்ற கூச்சமும் இருந்தன. புதுக்கோட்டைப் பெண்ணுக்கு ஊர்வாய் பயம். தெருவில் ஒருத்தி சைக்கிள் மிதித்தால் கேலி, ஆபாசப் பேச்சு, வீட்டில் சண்டை. இந்தப் பயம் மன உறுதியால் மட்டும் தீராது, ஏனென்றால் இது மனசுக்குள் இல்லை. டீக்கடை வாசலில் உட்கார்ந்திருக்கிறது. அதை எது தீர்த்தது என்றால், எண்ணிக்கை. ஒருத்தி ஓட்டினால் அவள் பேச்சுக்குரியவள். ஊரில் நாற்பது பேர் ஓட்டினால் யாரைப் பற்றிப் பேசுவது? மேலும், படிப்பு வகுப்பு, கலெக்டர் ஆதரவு, ஊர் மைதானத்தில் பயிற்சி என்று வந்தபோது, "நான் போகட்டுமா" என்று வீட்டில் கேட்க வேண்டிய நிலை மாறி, "எல்லாரும் போறாங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பும் நிலை வந்தது. இந்த ஒரு வாக்கியத்தின் பலத்தைத் தன்னம்பிக்கை நூல்கள் கண்டுகொள்வதே இல்லை.

சைக்கிள் பழகும் விதத்திலேயே இது இருக்கிறது. பின்னால் ஒருவர் சீட்டையோ கேரியரையோ பிடித்துக்கொண்டு ஓடி வருவார். "விட்டுடாதே" என்று ஓட்டுபவர் கத்துவார். "பிடிச்சிருக்கேன், நேராப் பாரு" என்று குரல் வரும். அந்தக் குரல் சற்றுத் தொலைவிலிருந்து வருவது காதில் விழும்போதுதான், கை எப்போதோ விலகிவிட்டது என்று தெரியும். அந்தச் சில நொடிகளில் நாம் செய்துமுடித்த காரியத்துக்கு நமக்கே துணிச்சல் இருந்ததாகத் தெரியாது. துணிச்சல் பிறகு வருகிறது, செய்து முடித்த நினைவாக. மறுநாள் அந்த நினைவை வைத்துக்கொண்டு ஏறுகிறோம். குரங்குப் பெடல் போட்டு வளர்ந்த பையன்களுக்கு இது சிறு வயதிலேயே கிடைத்துவிடுகிறது. முப்பது வயதில் பிள்ளை குட்டியோடு பழகிய பெண்களுக்கு அந்தக் கையை ஓர் இயக்கம் கொடுக்க வேண்டியிருந்தது.

மகிழ்ச்சியைப் பொறுத்தவரை என் கணிப்பு கொஞ்சம் மாறுபடுகிறது. வில்லார்டின் மகிழ்ச்சி ஒன்றில் தேர்ச்சி பெற்ற மகிழ்ச்சி. 16 வயதில் பிடுங்கப்பட்ட ஓட்டத்தை ஐம்பதைத் தாண்டித் திரும்பப் பெற்ற மகிழ்ச்சி. அதைப் படிக்கும்போது எனக்கே கண் நிறைகிறது. புதுக்கோட்டையில் கிடைத்த மகிழ்ச்சிக்குச் சுயமரியாதையே முக்கியக் காரணம் என்று அதைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். மெய்தான். ஆனாலும் நான் நேரத்தையும் அதே வரிசையில் வைப்பேன். பஸ்ஸுக்காக வெயிலில் நின்ற நேரம், யாராவது கூட்டிக்கொண்டு போவார்களா என்று திண்ணையில் காத்திருந்த நேரம், விளைந்ததைத் தலையில் சுமந்து அடுத்த ஊருக்கு நடந்த நேரம். இவையெல்லாம் அந்தப் பெண்களின் கைக்குத் திரும்பி வந்தன. நம் கட்டுரைகளில் மகிழ்ச்சியை எப்போதும் மனநிலையாகவே பேசுகிறோம். உழைக்கும் பெண்ணுக்கு ஒரு மணி நேரம் மிச்சமாவது எத்தகைய மகிழ்ச்சி என்பதை வீட்டில் அம்மாவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

தனி ஆளின் துணிச்சலுக்கு ஓர் எல்லையும் உண்டு என்பதற்கு வில்லார்டின் வாழ்க்கையே சான்று. 1890இல் அவர் கொடுத்த ஒரு பேட்டியில், அமெரிக்கத் தெற்கு மாநிலங்களின் கறுப்பினத்தவரை இழிவாகப் பேசினார். கறுப்பின மக்கள் கும்பல்களால் அடித்துக் கொல்லப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. அடிமையாகப் பிறந்து பத்திரிகையாளரான ஐடா பி. வெல்ஸ் 1894இல் இங்கிலாந்துக்கு வந்தபோது அந்தப் பேட்டியை அங்கே மறுபடி அச்சில் கொண்டுவந்து வெளிப்படையாகக் கேள்வி கேட்டார். வில்லார்டின் பதில் நழுவலாகவே இருந்தது. வெள்ளை ஆதரவாளர்களை இழக்க அவர் துணியவில்லை. பார்வையைத் தூரத்தில் வை என்று சொன்னவரின் பார்வை அந்த நிற வேலியைத் தாண்டவில்லை. தன் வளர்ச்சியை மட்டும் அளந்துகொண்டிருந்தால் இப்படி ஆகிவிடும் என்றே நான் நினைக்கிறேன். சைக்கிள் பழகும் வேலை ஊர் வேலையாக நடந்த இடத்தில், பழகியவள் மறுநாள் இன்னொருத்தியின் சீட்டைப் பிடிக்க வேண்டியிருந்தது. அங்கே வளர்ச்சி தன்னோடு நின்றுவிட வழியில்லை.

புதுக்கோட்டைக்கும் குறை இல்லாமல் இல்லை. இயக்கங்கள் ஓயும், ஆட்சியர்கள் மாற்றலாகிப் போவார்கள். கூட்டத்தின் பலத்தில் வந்த துணிச்சலுக்குக் கூட்டம் கலைந்த பிறகு சோதனை வரும். அந்த நேரத்தில் வில்லார்ட் சொன்ன தனி மன உறுதி தேவைப்படுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டில் எது முதலில் என்பதில்தான் என் வாதம்.

இந்த வாதத்துக்கு ஆதரவாகப் பீகாரிலிருந்து ஒரு கணக்கு இருக்கிறது. 2006இல் அந்த மாநில அரசு ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுக்கத் தொடங்கியது. கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் இத்திட்டத்தை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட கட்டுரையின்படி, உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் மாணவிகளின் அளவு 32 சதவீதம் கூடியது. மாணவர்களுக்கும் மாணவிகளுக்கும் இருந்த இடைவெளி 40 சதவீதம் குறைந்தது. பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். அந்தப் பெண்களுக்கு யாரும் துணிச்சல் வகுப்பு எடுக்கவில்லை. சைக்கிள் கிடைத்தது, கூடப் போகத் தோழிகள் கிடைத்தார்கள், போனார்கள்.

ஆகவே, ஐம்பது வயதில் ஸ்கூட்டர் பழக ஆசைப்படும் ஒருவர் நம் வீட்டில் இருந்தால், வில்லார்டின் நூலைக் கொடுப்பதோடு நிறுத்திவிடக் கூடாது. அதே ஆசையுள்ள இன்னும் நாலு பேரைத் தெருவில் தேட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளி மைதானத்தைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்க வேண்டும். வண்டியில் கீறல் விழுந்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டோம் என்று வீட்டார் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்கு அடுப்படியை வேறு யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும்.