‘சபையோம்’ முதல் ‘தீர்மானிக்கப்பட்டது’ வரை: உள்ளாட்சி முடிவுகளின் மொழி வரலாறு

1. முன்னுரை

உள்ளாட்சி மன்றங்களின் வரலாற்றை எழுதியோர் அவற்றின் அமைப்பு, அதிகாரம், வருவாய் ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளனர். அம்மன்றங்கள் தம் முடிவுகளைப் பதிவு செய்த வாக்கிய அமைப்பு அந்த அளவு கவனம் பெறவில்லை. குளத்தைத் தூர்வாருவதோ, பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளிப்பதோ, காற்றாலை நிறுவுவதோ எதுவாயினும், முடிவு எழுத்தில் ஏறிய பின்னரே செயலுக்கு வருகிறது. அவ்வெழுத்தில் ‘முடிவு செய்தவர் யார்’ என்பதை வினைமுற்று காட்டுகிறதா, மறைக்கிறதா என்பது இலக்கணச் சிக்கல் மட்டுமன்று. பொறுப்புப் பற்றிய சிக்கலும் ஆகும். தமிழில் இவ்வடிவம் காலந்தோறும் மாறியவாற்றைச் சில சான்றுகள் கொண்டு நோக்குவதும், மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்க செய்திகளைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

2. கல்வெட்டில் தன்மைப் பன்மை

சோழர் காலக் கல்வெட்டுகளில் ஊரவைகள் தம்மைத் தன்மைப் பன்மையில் குறித்துக்கொள்கின்றன. ஊரோம், சபையோம், நாட்டோம், நகரத்தோம் என்பன பெயரோடு ‘ஓம்’ விகுதி சேர்ந்து அமைந்த வடிவங்கள். இவற்றுக்கேற்ப வினைமுற்றும் ‘செய்தோம்’, ‘கொடுத்தோம்’, ‘பணித்தோம்’ என வருகிறது. கூட்டம் குறைவின்றிக் கூடியது என்னும் குறிப்பு முதலில் வர, அதன்பின் முடிவு சொல்லப்படுவது பெருவழக்கு. அவ்வகையில் கூடியோர், முடிவு செய்தோர், பேசுவோர் மூவரும் ஒருவரேயாக வாக்கியம் அமைகிறது.

முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இரண்டும் (கி.பி. 919, 921) இதற்குச் சிறந்த சான்றுகள். 30 குடும்புகளாக ஊரைப் பிரித்துக் குடவோலை வழியே உறுப்பினரைத் தெரிந்தெடுத்து, சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியன அமைத்த முறையை அவை கூறுகின்றன. கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் தகுதி இழப்பர் என்னும் விதியும் அவற்றுள் உண்டு. அரசனின் ஆணை வந்தமையும், அரச அலுவலர் உடனிருந்தமையும் வெளிப்படையாகவே கூறப்படுகின்றன. ஆயினும் விதியைச் செய்தவர் யார் என்னும்போது ‘சபையோம்’ என்றே கல்வெட்டுப் பேசுகிறது. முடிவில், சபையார் பணிக்க எழுதிய மத்தியஸ்தன் தன்னைத் தன்மை ஒருமையில் குறித்துக்கொள்கிறான். முடிவு செய்தவரும் எழுதியவரும் வேறுவேறு இடங்களில், வேறுவேறு விகுதிகளால் பிரித்துக் காட்டப்பட்டிருத்தல் நோக்கத்தக்கது.

இவ்வடிவத்தை மக்களாட்சியின் குரலாக உடனே கொள்ளுதல் பொருந்தாது. உத்திரமேரூர்ச் சபை பிரமதேயத்துச் சபை. கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி முதலிய தகுதிகள் இருந்தோரே வாரியங்களில் இடம் பெற முடிந்தது. பெண்களுக்கும் உழுகுடிகளுக்கும் அங்கு இடமில்லை. நன்னூலார் தன்மைப் பன்மை விகுதிகளைப் பகுக்கும்போது, ‘அம், ஆம்’ என்பன முன்னிலையாரையும், ‘எம், ஏம், ஓம்’ என்பன படர்க்கையாரையும் தன்னோடு உளப்படுத்தும் என்பார். அதாவது, கேட்போரைச் சேர்க்காத ‘நாங்கள்’ என்பதே ‘ஓம்’ உணர்த்தும் பொருள். கல்வெட்டு வழக்கில் இவ்வேறுபாடு முற்றும் பேணப்பட்டது என்று கூறுவதற்கில்லை. எனினும், சபையின் இயல்பிற்கு இலக்கணம் கூறும் பொருள் ஒத்துவருகிறது. ‘சபையோம்’ என்றவர்கள் ஊரார் அனைவரையும் உளப்படுத்தவில்லை.

3. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட முடிவுகள்

ரிப்பன் பிரபுவின் 1882ஆம் ஆண்டுத் தீர்மானத்தை அடுத்து, சென்னை மாகாணத்தில் 1884இல் உள்ளாட்சிச் சட்டங்கள் இயற்றப்பட்டன. மாவட்ட, வட்டக் கழகங்களும் நகராட்சிகளும் இவற்றின்படி இயங்கின. 1920இல் மாகாண உள்ளாட்சி, கிராமப் பஞ்சாயத்து, தொடக்கக் கல்வி ஆகியவற்றிற்குத் தனித்தனிச் சட்டங்கள் வந்தன. மேல்நிலை மன்றங்களின் நடவடிக்கைக் குறிப்புகள் ஆங்கிலத்தில் அமைந்தன. எழுவாய் வெறும் இடநிரப்பியாக நிற்க, வினை செயப்பாட்டில் வரும் ஆங்கில வாய்பாடே அவற்றில் வழங்கியது. முடிவு செய்தவர் மன்றத்தார் என்பது பதிவேட்டின் தலைப்பால் அறியத்தக்கதேயன்றி வாக்கியத்தால் அறியத்தக்கதன்று.

இக்காலத்து முடிவுகளுள் குறிப்பிடத்தக்கது பள்ளி உணவு பற்றியது. பிட்டி தியாகராயர் தலைமை ஏற்றிருந்த சென்னை மாநகராட்சி மன்றம், 1920 செப்டம்பர் 16 அன்று, ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளி மாணவர்க்குச் சிற்றுண்டி வழங்க ஒப்புதல் அளித்தது. மாணவர் ஒருவர்க்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல் செலவிடலாம் என்பது வரையறை. பின்னர் வேறு நான்கு பள்ளிகளுக்கும் இது விரிவாக்கப்பட்டது. இவ்வைந்து பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கை 1922–23இல் 811ஆக இருந்து, 1924–25இல் 1,671ஆக உயர்ந்தது. எனினும், தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இச்செலவைச் செய்வதை அரசு ஏற்காமையால், 1925 ஏப்ரல் முதல் நாளில் திட்டம் நின்றது.

உணவு கல்விச் செலவாகுமா என்பதே அன்றைய வினா. மன்றத்தின் முடிவையும் அதை நிறுத்திய ஆணையையும் பிரித்தது ஒரு தலைப்புச் சொல்லின் பொருள் எல்லை. தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய காலை உணவுத் திட்டம் முதற்கட்டமாக 1,545 தொடக்கப் பள்ளிகளில் செயற்பட்டது; அதற்கு முன்னோடியாக 1920ஆம் ஆண்டு முடிவு நினைவுகூரப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் ஒரு மன்றத்தின் முடிவை எடுத்துக்காட்ட முடிந்ததற்குப் பதிவேட்டின் சொற்களே துணை.

4. தமிழில் செயப்பாட்டு வினை

தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956இல் நிறைவேறியது. 1958ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டம் ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம் என்னும் அடுக்குகளை உருவாக்கியது. நடவடிக்கைக் குறிப்புகள் தமிழுக்கு வந்தன. வாய்பாடு மட்டும் ஆங்கிலத்தின் வழியிலேயே நின்றது. ‘மன்றத்தின் அனுமதிக்கு வைக்கப்பட்டது’, ‘ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’, ‘ஒத்திவைக்கப்பட்டது’ என்பன இன்று எந்த ஊராட்சிப் பதிவேட்டிலும் காணத்தக்கவை. ‘படு’ துணைவினை கொண்ட செயப்பாட்டு வினை தமிழுக்குப் புதிதன்று. புதியது யாதெனில், அவையின் முடிவைச் சொல்லும் ஒரே வடிவமாக அது நிலைபெற்றமையே.

‘தீர்மானம்’ என்னும் சொல் ‘தீர்’ என்னும் அடியாகப் பிறந்தது. சிறு ஒலி வேறுபாடுகளோடு தென்னக மொழிகள் நான்கிலும் வழங்குகிறது. வழக்கைத் தீர்த்தல் என்னும் பொருட்சாயல் இதில் உண்டு. பேச்சு வழக்கில் ‘பஞ்சாயத்துல தீர்மானம் போட்டாங்க’ என்பர். பதிவேட்டில் மறைந்த கருத்தா பேச்சில் திரும்பி வருகிறார். ஆயின் ‘நாங்கள்’ ஆக அன்று, ‘அவர்கள்’ ஆக. கல்வெட்டின் தன்மைப் பன்மை பேச்சில் படர்க்கைப் பன்மையாயிற்று.

பிற மொழிகளை ஒப்பிடின் சிக்கல் மேலும் தெளிவாகும். இந்தியில் ‘நிர்ணய் லியா கயா’ எனச் செயப்பாட்டு அமைப்பே வழங்குகிறது. மலையாளத்தில் வினைமுற்று இடவிகுதிகளை இழந்துவிட்டது. எனவே ‘தீருமானிச்சு’ என்பது செய்வினையாயினும், எழுவாய் கூறப்படாதபோது செய்தவர் யார் என்பதைக் காட்டாது. தமிழில் ஒரு விகுதியால் காட்ட முடிவதை மலையாளத்தில் தனிச் சொல்லால் காட்ட வேண்டும். கேரளத்தில் 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியது. பாலக்காடு மாவட்டப் பஞ்சாயத்தின் முயற்சியால் அமைந்த மீன்வல்லம் சிறு நீர்மின் நிலையம் (3 மெகாவாட்) 2014இல் இயங்கத் தொடங்கியது. இத்தகைய பெரும் பொறுப்புகளை ஏற்கும் முடிவுகளைப் பதிவு செய்வதில் ‘யார்’ என்பது இன்றியமையாத கூறு.

5. பதினோராம் அட்டவணையும் ஓடந்துறையும்

அரசமைப்பின் 73ஆம் திருத்தம் 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்தது. அதனால் சேர்க்கப்பட்ட பதினோராம் அட்டவணை 29 பொருள்களைக் கொண்டது. அவற்றுள் குடிநீர் 11ஆவது. ஊரக மின்மயமாக்கல் 14ஆவது. மரபுசாரா எரிசக்தி 15ஆவது. தொடக்க, இடைநிலைப் பள்ளிகள் உள்ளிட்ட கல்வி 17ஆவது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் நிறைவேறியது.

‘மரபுசாரா’ என்பது எதிர்மறையால் அமைந்த சொல். காற்றையும் நீரையும் கொண்டு இயந்திரம் சுழற்றுதல் நிலக்கரிக்கு முந்தியதாயினும், நிலக்கரியையே மரபு எனக் கொண்ட காலத்தின் சொல் இது. 2006இல் நடுவண் அமைச்சகத்தின் பெயரிலிருந்தே இது நீங்கிப் ‘புதுப்பிக்கத்தக்க’ என்பது இடம்பெற்றது. அட்டவணையிலோ பழைய சொல்லே உள்ளது. சட்டப் பகுதியை மொழிபெயர்ப்போர் ‘மரபுசாரா’ என்றும், விளக்கவுரையில் ‘புதுப்பிக்கத்தக்க’ என்றும், கரிம உமிழ்வைக் குறைப்பதே பொருளாயின் ‘குறைகரிம’ என்றும் வேறுபடுத்தி எழுதுதல் வேண்டும். மூன்றும் ஒருபொருட் பன்மொழிகள் அல்ல. அணுமின்சாரம் குறைகரிம வகையைச் சாரும். புதுப்பிக்கத்தக்க வகையைச் சாராது.

15ஆவது பொருளுக்குத் தமிழகத்தின் நன்கறிந்த சான்று கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி. 2006இல் இவ்வூராட்சி 350 கிலோவாட் திறனுள்ள காற்றாலையை உடுமலைப்பேட்டைப் பகுதியில் நிறுவியது. செலவு ரூ. 1.55 கோடி. அதில் ரூ. 40 இலட்சம் ஊராட்சியின் சேமிப்பு, எஞ்சிய ரூ. 1.15 கோடி வங்கிக் கடன். குடிநீர் இறைப்பதற்கும் தெருவிளக்குகளுக்கும் ஆகும் தேவைக்கு மிஞ்சிய மின்சாரம் மின்வாரியத்திற்கு விற்கப்பட்டது. பல ஆண்டுகள் நீளும் கடனை ஏற்ற முடிவு இது. கடனாளி ஊராட்சி என்னும் சட்ட ஆள். முடிவு செய்தவர்கள் பெயருடைய உறுப்பினர்கள். திருப்பிச் செலுத்துவதோ அடுத்தடுத்து வரும் மன்றங்கள். இம்மூவரையும் ‘தீர்மானிக்கப்பட்டது’ என்னும் ஒரே சொல் வேறுபடுத்திக் காட்டாது.

இக்குறை எவ்வளவு பெரியது என்பதை 2016–2019 ஆண்டுகள் காட்டின. 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. பெரும்பாலான மாவட்ட ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. இடைக்காலத்தில் மன்றத்தின் அதிகாரங்களைத் தனி அலுவலர்கள் செலுத்தினர். மன்றத்தின் முடிவாயினும் ஓர் அலுவலரின் முடிவாயினும், வினைமுற்று மாற வேண்டிய தேவை செயப்பாட்டு வாய்பாட்டில் எழாது. தன்மைப் பன்மையில் எழுதும் வழக்கம் இருந்திருப்பின், தனியொருவர் ‘தீர்மானித்தோம்’ என எழுத இயலாமை அப்போதே புலப்பட்டிருக்கும்.

6. மொழிபெயர்ப்பாளர்க்குச் சில

முதலாவது, ‘சபையோம்’ என்பதை ஆங்கிலத்தில் ‘சபை முடிவு செய்தது’ என்னும் பொருள்படப் பெயர்க்கும்போது பேசுவோர் மறைகின்றனர். ‘சபையினராகிய நாங்கள்’ என்னும் பொருள் தோன்றப் பெயர்த்தலே தகும். இரண்டாவது, இக்காலத் தீர்மானத்தைப் பெயர்க்கும்போது மூலத்தில் இல்லாத கருத்தாவைச் சேர்த்தல் கூடாது. முன்மொழிந்தோர், வழிமொழிந்தோர் பெயர்கள் பதிவேட்டில் இருப்பின் அவற்றை விடுதலும் கூடாது. மூன்றாவது, புதிய படிவங்களைத் தமிழில் வகுப்போர் ‘ஊராட்சி மன்றத்தாராகிய நாங்கள் தீர்மானித்தோம்’ என்னும் அமைப்பைக் கருதிப் பார்க்கலாம். கிராம சபையாயின் அங்கே கூடிய வாக்காளர் அனைவரும் உறுப்பினராதலின் ‘நாம்’ என்பதே பொருந்தும்.

நன்னூலார் பிரித்துக் காட்டிய ‘ஓம்’ இன்று இருவகைப் பன்மைக்கும் பொதுவாகிவிட்டது. பழைய சபைக்கு இயலாத, கேட்போரையும் உளப்படுத்தும் ‘தீர்மானித்தோம்’ என்பது இன்றைய கிராம சபைக்கு இயலும். அதற்கு வேண்டிய விகுதி மொழியில் உள்ளது, பதிவேட்டில்தான் இடம்பெறவில்லை.