காகிதக் கொக்கும் குஷிரோ சதுப்பும்

காகிதத்தில் விலங்குகளை மடித்துக் காட்டி ஈரநில உயிர்களுக்காகப் பேசும் வழக்கம் இன்று பல நாடுகளில் உண்டு. தன் கையால் ஒரு பறவையை மடித்த பிள்ளை அதை எளிதில் மறக்காது என்பது இதன் பின்னுள்ள நம்பிக்கை. இதை உரசிப் பார்க்க ஜப்பானின் கொக்கைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. 1797-இல் கியோத்தோவில் அச்சான ‘ஹிடென் செம்பாசுரு ஒரிகாதா’ என்ற நூலில், ஒரே தாளில் வெட்டும் மடிப்புமாக, ஒன்றோடொன்று ஒட்டிய கொக்குகளைச் செய்ய 49 வகைகள் காட்டப்பட்டுள்ளன. குவானா என்ற ஊரின் பௌத்தத் துறவி ஒருவருடைய கைவண்ணம் அவை. உயிருள்ள கொக்கும் அக்காலத்தில் தொலைவில் இல்லை. ஓவியர் ஹிரோஷிகே 1857-இல் வரைந்த எடோ (இன்றைய டோக்கியோ) நகரக் காட்சிகளில் ஒன்றில், நகரை அடுத்த மிகவாஷிமா சதுப்பில் செந்தலைக் கொக்குகள் நிற்கின்றன. நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகுன் வல்லூறு விட்டு வேட்டையாடுவதற்கென்றே அவை காக்கப்பட்டன. குடிமகன் ஒருவன் கொக்கைக் கொன்றால் கடும் தண்டனை.

1868-இல் ஷோகுன் ஆட்சி போனது, அந்தக் காவலும் போனது. துப்பாக்கி எல்லோர் கைக்கும் வந்தது. வயலுக்காகவும் நகருக்காகவும் சதுப்புகளை வடித்தார்கள். அடுத்த சில பத்தாண்டுகளில் செந்தலைக் கொக்கு ஜப்பானிலிருந்தே அற்றுப்போனதாகக் கருதப்பட்டது. 1924-இல் ஹொக்கைடோ தீவின் குஷிரோ சதுப்பில் சொற்பப் பறவைகள் தென்பட்ட பிறகுதான் அந்தக் கணக்கு திருத்தப்பட்டது. இத்தனைக்கும் நடுவே திருமண உடையிலும் சாகே கிண்ணத்திலும் மடித்த தாளிலும் கொக்குக்கு ஒரு குறையும் வரவில்லை. வேட்டைக்காரன் செய்த குற்றத்துக்குக் காகிதம் மடித்தவர்களை நோவானேன் என்று கேட்கலாம். நியாயம்தான், கொக்கைக் காப்பதாக அவர்கள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் பறவையின் உருவத்தை நேசிப்பதும் அது நிற்கும் தண்ணீரை நேசிப்பதும் வெவ்வேறு என்பதை இந்த வரலாறு ஐயமறக் காட்டுகிறது. ஆயிரம் ஆண்டு வாழும் என்று போற்றப்பட்ட கொக்கிடம் மக்கள் வேண்டியது தங்கள் ஆயுளைத்தான்.

இதற்கு எதிராக வைக்கக்கூடிய வலுவான வாதம் ஹிரோஷிமாவிலிருந்து வருகிறது. அணுகுண்டின் கதிர்வீச்சால் ரத்தப்புற்று வந்த சடாகோ சசாகி, மருத்துவமனைப் படுக்கையில் கொக்குகளை மடித்து 1955-இல் பன்னிரண்டு வயதில் இறந்தாள். பள்ளிப் பிள்ளைகள் நாடெங்கும் திரட்டிய பணத்தில் 1958-இல் நினைவுச்சின்னம் எழுந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு கோடி காகிதக் கொக்குகள் இன்றும் அங்கு வந்து சேர்கின்றன. ஆகவே காகிதம் மனிதரைத் திரட்டும், பணத்தையும் திரட்டும். இதை மறுக்க முடியாது. ஆனால் அங்கே கொக்கு தனக்காகப் பேசவில்லை. அது சுமந்த கோரிக்கை தெளிவானது: அணுகுண்டு வேண்டாம். ஈரநிலக் கண்காட்சிகளில் பெரும்பாலும் அந்தத் தெளிவுதான் இருப்பதில்லை. எந்தச் சதுப்பு, யார் அதை வடிக்கிறார்கள், எந்தத் திட்டத்தை நிறுத்த வேண்டும் என்ற பேச்சு எழாமலே அழகான பறவை கூரையிலிருந்து தொங்கிவிடுகிறது.

குஷிரோவில் நடந்தது இன்னும் கூர்மையான பாடம். 1950களின் தொடக்கத்தில் பனிக்காலப் பசியோடு வந்த கொக்குகளுக்கு அகான், ட்சுருய் பகுதி மக்கள் மக்காச்சோளம் இறைத்தார்கள். 1952 கணக்கெடுப்பில் 33 பறவைகள். இந்த நூற்றாண்டில் அந்த எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. உலகம் மெச்சும் வெற்றி. ஆனால் 1947-க்கும் 1996-க்கும் இடையில் அந்தச் சதுப்போ தன் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கை இழந்தது. 1980-இல் அது ஈரநிலங்களுக்கான ராம்சர் உடன்படிக்கையின் கீழ் ஜப்பானின் முதல் தலமானது, 1987-இல் தேசியப் பூங்காவும் ஆனது. ஆனாலும் நேராக வெட்டிவிட்ட ஆறுகளும் மேல்நிலத்துப் பண்ணைகளும் கொண்டுவந்த வண்டல் சதுப்பை ஓரங்களிலிருந்து மேடாக்கியது. பறவை பெருக, அதன் வீடு சுருங்கியது. கொக்கின் தலையை மட்டும் எண்ணியவருக்கு இது கண்ணில் படாது. தீவனத் திடல்களில் நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தில் நோய் புகுந்தால் என்னாகும் என்ற அச்சத்தில், 2010களின் நடுவிலிருந்து சுற்றுச்சூழல் அமைச்சகமே தீவனத்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டியதாயிற்று.

இதற்காக ஒரிகாமியைக் கைவிட வேண்டியதில்லை. எதை மடிக்கிறோம் என்பதை மாற்றினால் போதும். ஒரிகாமிக் கலைஞர் அகிரா யோஷிசாவா தாளை ஈரப்படுத்தி மடிக்கும் முறையைக் கொண்டுவந்த பிறகு, வளைவும் தடிமனும் காகிதத்துக்கு வசமாகிவிட்டன. குஷிரோவில் ‘இத்தோ’ என்ற பெருமீனும் சைபீரிய சலமாந்தரும் உண்டு. பின்னதை மடித்துத் திருமண மண்டபத்தில் யாரும் தொங்கவிடப்போவதில்லை. அதனாலேயே அதை மடிக்க வேண்டும். மங்கலம் ஏதும் இல்லாத அந்த உயிரைக் காட்டினால், ‘இது எங்கே வாழ்கிறது’ என்று பார்ப்பவர் கேட்டே தீர வேண்டும். தெரியாத உயிர் பிள்ளைகளை ஈர்க்காது என்பார்கள். தவளை ஒரிகாமியில் பழைய உரு. அதற்கு அரச மரியாதை எதுவும் கிடைத்ததில்லை, ஆனாலும் பிள்ளைகள் அதை விடாமல் மடித்துத் தாவ விடுகிறார்கள்.

கொக்கு எதைத் தேடிப் போகிறது என்பதை அதுவே காட்டியிருக்கிறது. ஹொக்கைடோவின் நடுப்பகுதியில் உள்ள நகனுமா, சதுப்பை வடித்து வயலாக்கிய ஊர். அங்கே வெள்ளத்தைத் தேக்க மைசுரு என்ற நீர்த்தேக்கப் பரப்பு அமைத்தார்கள். தண்ணீர் தங்கிய அந்த இடத்துக்குச் செந்தலைக் கொக்கு இணை ஒன்று வந்து சேர்ந்தது. 2020-இல் அங்கே குஞ்சு பொரித்தது.