ஆடும் மாணவன் யாருக்கு உரியவன்?

மாணவர்களே,

பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவனுக்கு நன்கு பழகிய தாள்கள் சில உண்டு. அவற்றுள் ஒன்று மாற்றுச் சான்றிதழ். ஒரு பள்ளியை விட்டு மற்றொரு பள்ளிக்குச் செல்லும் மாணவனுக்கு அதைக் காலத்தில் கொடுப்பது தலைமையாசிரியரின் கடமை. அதில் ஒப்பமிட அரை நிமிடம் போதும். ஆயினும் அந்த அரை நிமிடச் செயலை நான் ஒருமுறை மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். அதன் காரணத்தை இப்பேச்சின் முடிவிலே சொல்லுகிறேன். அக்காரணத்துக்குள் ஒரு பெரிய வினா அடங்கியிருக்கிறது. கல்லூரியின் பெயருக்காக ஆடும் மாணவன் யாருக்கு உரியவன்? கல்லூரிக்கா, பயிற்சியாளருக்கா, அல்லது தனக்கேயா? இந்த வினாவை நூறாண்டுக்கு மேலாகக் கேட்டுவரும் நாடு அமெரிக்க ஐக்கிய நாடு. அந்நாட்டின் அனுபவம் நமக்கும் பாடமாகும் என்பதால் அதனை இன்று சொல்ல எடுத்துக்கொண்டேன்.

அங்கே கல்லூரி ஆட்டம் என்பது மாலைப் பொழுதுபோக்கு மட்டுமன்று. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஆட்ட அரங்கிலே ஒரு லட்சம் பேருக்குமேல் அமரலாம். இவ்வளவு பெரிய மரம் எந்த விதையிலிருந்து முளைத்தது என்று பார்ப்போம்.

1852-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், நியூ ஹாம்ஷயர் மாநிலத்து வின்னிபிசாக்கி ஏரியில், ஹார்வர்டு, யேல் என்னும் இரு கல்லூரிகளின் மாணவர்கள் படகுப் பந்தயம் விட்டார்கள். அந்நாட்டில் இரு கல்லூரிகள் மோதிய முதற்போட்டி அதுவே. ஹார்வர்டு வென்றது. மாணவர்கள் அங்கே சென்றுவந்த செலவை ஏற்றது ஓர் இரயில்வே நிறுவனம். வேடிக்கை பார்க்க மக்கள் வந்தால் இரயிலில் பயணச்சீட்டு விற்குமன்றோ? ஆகவே கல்லூரி ஆட்டம் பிறந்த அன்றே வணிகம் அதன் தொட்டிலருகில் நின்றது. 1855-ஆம் ஆண்டில் நடந்த இரண்டாவது பந்தயத்திலேயே மற்றொரு சிக்கல் எழுந்தது. ஹார்வர்டின் படகைச் செலுத்தி வழிகாட்டியவர் படிப்பை முடித்து வெளியேறிய பழைய மாணவர். கல்லூரியில் படியாதவர் கல்லூரிக்காக ஆடலாமா என்ற வழக்கு அன்றே தொடங்கிவிட்டது.

1869-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் நாள், நியூ ஜெர்சி மாநிலத்தில் அண்டை ஊர்களில் இருந்த ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் கல்லூரிகள் காற்பந்து ஆடின. பக்கத்துக்கு இருபத்தைந்து பேர். ரட்கர்ஸ் ஆறுக்கு நான்கு என்ற கணக்கில் வென்றது. பந்தைக் காலால் உதைத்த அவ்வாட்டம் சில ஆண்டுகளிலே, பந்தைக் கையில் ஏந்தி ஓடி முட்டிமோதும் அமெரிக்கக் காற்பந்தாக மாறியது. வெற்றி மோகமும் உடன் வளர்ந்தது. நல்ல ஆட்டக்காரனை எங்கிருந்தாவது அழைத்துவந்து சேர்க்கும் வழக்கம் பரவியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யேல் அணித்தலைவர் ஒருவருக்கு இலவச உணவும் உறைவிடமும் கியூபாத் தீவுக்கு உல்லாசப் பயணமும் கிடைத்தன. சிகரெட்டு விற்பனையிலும் ஒரு பங்கு கிடைத்தது.

இன்னொரு கதை கேளுங்கள். 1896-ஆம் ஆண்டு, மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழக மாணவராகிய ஃபீல்டிங் யோஸ்ட் திடீரென்று லஃபாயட் கல்லூரியில் சேர்ந்தார். சேர்ந்த சில நாளில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்துக்கு எதிரான ஆட்டத்தில் இறங்கினார். நெடுங்காலம் தோல்வியே காணாத பென்சில்வேனியா அன்று தோற்றது. ஆட்டம் முடிந்தபின் யோஸ்ட் தம் பழைய பல்கலைக்கழகத்துக்கே திரும்பிவிட்டார். படிப்பதற்காகப் போனாரா, பந்துக்காகப் போனாரா என்று ஒருவரும் கேட்கவேண்டிய தேவையே இல்லை.

இந்தச் சீர்கேட்டைக் கண்டு கவலை கொண்டவர் பர்டூப் பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் ஸ்மார்ட். அவர் அழைப்பின்மேல் 1895-ஆம் ஆண்டு ஜனவரியில் சிக்காகோவில் பல்கலைக்கழகத் தலைவர்கள் கூடினர். மறு ஆண்டு ஏழு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பை நிறுவின. பிற்காலத்தில் 'பிக் டென்', அதாவது 'பெரிய பத்து' என்று பெயர் பெற்றது அதுவே. ஆட்டத்தை ஆளும் பொறுப்பு ஆசிரியர்களிடம் இருக்கவேண்டும் என்பது அதன் கொள்கை. உண்மையான மாணவனே ஆடலாம், ஆட்டத்துக்குக் கூலி கூடாது என்பன அதன் விதிகள்.

1905-ஆம் ஆண்டு நிலைமை முற்றியது. ஆடுகளத்திலே இளைஞர்கள் அடிபட்டு இறந்த செய்திகள் நாட்டை உலுக்கின. குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகியவற்றின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்து எச்சரித்தார். இதன் விளைவாக எழுந்த சங்கமே 1910 முதல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் எனப்படுகிறது. 1906-ஆம் ஆண்டில் மேற்சொன்ன கூட்டமைப்பும் கடுமையான விதிகளை இயற்றியது. கல்லூரியில் சேர்ந்து ஓராண்டு தங்கிப் படித்த பின்னரே ஒருவன் ஆடலாம், மூன்றாண்டுக்கு மேல் ஆடலாகாது, பயிற்சியாளர் ஆசிரியர் குழுவில் ஒருவராய் அளவான ஊதியம் பெறவேண்டும் என்பன அவற்றுட் சில.

ஓராண்டு காத்திருக்கவேண்டும் என்ற விதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அது ஆசிரியர்கள் மாணவனின் படிப்பைக் காப்பதற்காகக் கட்டிய வேலி. 1906-ஆம் ஆண்டின் கடுமையான விதிகளைப் பொறாது கூட்டமைப்பை விட்டு விலகிய பல்கலைக்கழகம் மிச்சிகன். அப்போது மிச்சிகன் அணியின் பயிற்சியாளர் யார் தெரியுமா? நாம் முன்பு கண்ட ஃபீல்டிங் யோஸ்டே! சில ஆண்டுகள் தனித்து நின்றபின் 1917-ஆம் ஆண்டிலேதான் மிச்சிகன் திரும்பி வந்தது.

இதே காலத்தில் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் அமோஸ் அலான்சோ ஸ்டாக் என்பவர் 1892 முதல் பயிற்சியாளராக இருந்தார். பேராசிரியருக்குரிய தகுதியுடன் நியமனம் பெற்றவர் அவர். ஸ்டாக் முன்பு மாணவராக இருந்தது ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்துப் பயிற்சிப் பள்ளியில். அதே பள்ளியில் பின்னர்ப் பயின்ற ஹாரி குரோ பக் என்பவரே 1920-ஆம் ஆண்டு சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவியவர். நம் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர் மரபுக்கும் அந்த ஆடுகளங்களுக்கும் இப்படி ஓர் உறவு உண்டு.

விதிகள் இருந்தன, ஆனால் கைக்கொள்வார் குறைந்தனர். 1929-ஆம் ஆண்டில் கார்னெகி அறநிறுவனம் வெளியிட்ட ஆய்வறிக்கை, நேரில் சென்று பார்த்த 112 கல்விநிலையங்களுள் 81-இல் ஆட்டக்காரருக்கு ஏதேனும் ஒரு வகையில் பொருளுதவி நடந்ததாகக் கூறிற்று. அவ்வறிக்கைக்குப் பத்தாண்டு கழித்து ஒரே ஒருவர் துணிந்தார். சிக்காகோப் பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் மேனார்டு ஹட்சின்ஸ் 1939-இல் காற்பந்தையே நிறுத்திவிட்டார். நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கு அளிக்கும் ஹைஸ்மன் பரிசை 1935-ஆம் ஆண்டு முதன்முதலாகப் பெற்றவர் அப்பல்கலைக்கழகத்து மாணவரே என்பதை நினைத்தால் இத்துணிவின் அளவு விளங்கும். ஸ்டாக் பெயர் தாங்கிய அரங்கின் படிக்கட்டுகளுக்கு அடியிலே 1942-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் உலகின் முதல் அணுத்தொடர்வினை செய்துகாட்டப்பட்டது. ஆட்டம் ஒழிந்ததால் அப்பல்கலைக்கழகம் குறைந்துவிடவில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் 1937 முதல் அங்கே பணியாற்றி, 1983-இல் நோபெல் பரிசு பெற்றார். 1969-இல் காற்பந்து அங்கே அடக்கமான அளவில் திரும்பியது.

மற்றவர்கள் அவ்வழியிற் செல்லவில்லை. 1956-இல் ஆட்டத்திறமைக்காகவே கல்விச்சலுகை வழங்கலாம் என்று தேசியச் சங்கம் இசைந்தது. அப்படியானால் ஆடுபவன் கல்லூரியின் வேலையாளா? இல்லை, அவன் 'மாணவ விளையாட்டாளன்' என்றார்கள். அச்சொல்லைச் சட்ட அறிஞர்களின் துணையோடு புழக்கத்துக்குக் கொண்டுவந்ததைச் சங்கத்தின் நெடுநாள் செயலாளர் வால்டர் பையர்ஸ் தாம் ஓய்வுபெற்ற பின் எழுதிய நூலில் ஒப்புக்கொண்டார். 1955-ஆம் ஆண்டு கொலராடோ மாநிலத்தில் ஒரு மாணவர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவருடைய மனைவி இழப்பீடு கேட்டார். கல்லூரி நடத்துவது கல்வி, காற்பந்து அதன் தொழிலன்று என்று 1957-இல் மாநில உயர்மன்றம் தீர்ப்பளித்தது. இளம் விதவைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மாணவன் என்னும் உயர்ந்த சொல், இங்கே கடனைத் தட்டிக்கழிக்கும் கருவியாயிற்று.

பின்னர்த் தொலைக்காட்சி வந்தது. ஒளிபரப்பு உரிமை முழுதும் தேசியச் சங்கத்தின் கையில் இருக்கலாகாது என்று 1984-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஏழு நீதிபதிகளின் பெரும்பான்மையால் தீர்த்தது. மாறுபட்ட இருவருள் ஒருவர் பைரன் ஒயிட். இளமையில் அவரே புகழ்பெற்ற கல்லூரி ஆட்டக்காரர். அத்தீர்ப்புக்குப்பின் ஒளிபரப்புப் பணம் கல்லூரிகளுக்கும் கூட்டமைப்புகளுக்கும் நேரே பாய்ந்தது. அதிகப் பணம் தரும் கூட்டமைப்பைத் தேடிக் கல்லூரிகள் இடம்பெயர்ந்தன. 1914-இல் தோன்றிய தென்மேற்குக் கூட்டமைப்பு 1996-இல் மறைந்தது. பயிற்சியாளர்களும் ஒப்பந்தத்தின் நடுவிலே கூடுதல் ஊதியத்துக்குக் கல்லூரி மாறினார்கள்.

இங்கே ஒரு முரணைக் காணுங்கள். பயிற்சியாளர் மாறலாம், மறுநாளே பணி தொடங்கலாம். பல்கலைக்கழகம் கூட்டமைப்பு மாறலாம். மாணவன் ஒருவன் மட்டும் காற்பந்து, கூடைப்பந்து போன்ற ஆட்டங்களில் கல்லூரி மாறினால் ஓராண்டு வெளியே உட்காரவேண்டும். புதிய கல்லூரியோடு பேசுவதற்கே பழைய கல்லூரியின் இசைவு வேண்டும். இசைவு இல்லையேல் புதிய இடத்தில் கல்விச்சலுகை கிடையாது. படிப்பைக் காக்கக் கட்டிய வேலி, நாளடைவில் ஆட்டக்காரனை அடைக்கும் பட்டியாயிற்று.

2018-ஆம் ஆண்டு அக்டோபரில் கணினிப் பதிவேடு ஒன்று வந்தது. மாற விரும்புபவன் அதில் பெயரைப் பதிந்தால் போதும், இசைவு கேட்கவேண்டியதில்லை. 2021-இல் ஒருமுறை காத்திராமல் மாறலாம் என்றும், 2024-இல் படிப்பில் தகுதி குன்றாதவன் எத்தனை முறையும் மாறலாம் என்றும் விதிகள் தளர்ந்தன. 2021-ஆம் ஆண்டு ஜூலை முதல் தன் பெயரையும் உருவத்தையும் கொண்டு பொருளீட்ட மாணவனுக்கு உரிமை கிடைத்தது. 2025-ஆம் ஆண்டு ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, பல்கலைக்கழகமே ஆட்டக்காரருக்கு நேரே பணம் தரலாம் என்றாயிற்று.

உடனே எழுந்தது கூக்குரல். இளைஞரிடம் பற்று இல்லை, ஒழுங்கு குலைந்தது என்று பெரியவர்கள் வருந்தினர். அப்பெரியவர்களின் கல்லூரிகள் செய்தது என்ன? 1915-இல் நான்கு கல்லூரிகள் தொடங்கிய பசிபிக் கடற்கரைக் கூட்டமைப்பு பன்னிரண்டாக வளர்ந்திருந்தது. 2024-இல் அதிலிருந்து பத்துப் பல்கலைக்கழகங்கள் வெளியேறின, இரண்டே எஞ்சின. பசிபிக் கரையோரத்துக் கலிபோர்னியாவும் ஸ்டான்ஃபோர்டும் அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டமைப்பிலே சேர்ந்தன! 'பெரிய பத்து' கூட்டமைப்பில் அவ்வாண்டு பதினெட்டு உறுப்பினர். 1869-இல் அண்டை ஊராரோடு ஆடிய ரட்கர்ஸின் மாணவர்கள், கண்டத்தைக் கடந்து லாஸ் ஏஞ்சலஸ் சென்று ஆடவேண்டியதாயிற்று. அந்தப் பயணத்தில் போகும் பாடநாளை யார் ஈடுசெய்வார்?

மாணவன் பெற்ற உரிமை முழுதும் நன்மையே என்று நான் சொல்லவில்லை. ஆண்டுக்கொரு கல்லூரி மாறுபவன் எந்த ஆசிரியரிடம் நிலைத்துக் கற்பான்? யோஸ்டின் காலத்துக் குறை வேறு வேடத்தில் திரும்பி வரக்கூடும். 1906-ஆம் ஆண்டு ஆசிரியர்களின் கவலை பொய்யன்று. ஆயினும், தாம் மீறும் ஒழுக்கத்தை மாணவனிடம் மட்டும் எதிர்பார்ப்பவருக்கு அதைப் போதிக்கும் தகுதி இல்லை. இதுவே இவ்வரலாறு எனக்கு உணர்த்தியது.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் தலைமை தாங்கிய பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் கைப்பந்தில் வல்லவன். அவன் தந்தை கொத்தனார். வேலை தேடிக் குடும்பம் வேறு நகருக்குப் பெயர்ந்தது. மாற்றுச் சான்றிதழ் கேட்டு அவர் என்முன் நின்றார். மாவட்டப் போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. எழுத்தர் விடுப்பில் இருக்கிறார், அடுத்த வாரம் வாருங்கள் என்றேன். அடுத்த வாரமும் ஏதோ சொன்னேன். பையன் உறவினர் வீட்டில் தங்கி எங்களுக்காக ஆடினான். கோப்பை வந்தது. இறைவணக்கக் கூட்டத்தில் அவனைப் புகழ்ந்து பேசினேன். மறுநாள் சான்றிதழில் ஒப்பமிட்டு அவன் கையில் கொடுத்தபோது அவன் மெல்லச் சொன்னான்: "ஐயா, அந்தப் பள்ளியில் கணக்குப் பாடம் பாதி முடிந்துவிட்டதாம்." அவன் குறை கூறவில்லை, செய்தியாகவே சொன்னான். நான் விடை சொல்லவில்லை.

கோப்பை நெடுநாள் என் அறைக் கண்ணாடி அலமாரியில் இருந்தது. அதைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாதிக் கணக்கே நினைவுக்கு வரும்.

மாணவர்களே, உங்களுள் சிலர் நாளை ஆசிரியராவீர்கள். சிலர் பயிற்சியாளராகவோ நிர்வாகியாகவோ ஆவீர்கள். மாணவனுக்கு ஒரு விதி வகுக்கும்போது, அதே விதிக்கு நாமும் கட்டுப்படுவோமா என்று முதலில் கேளுங்கள். இந்த விதியால் அவனுக்கு நன்மையா, நம் அலமாரிக்கு நன்மையா என்று அடுத்துக் கேளுங்கள். அன்று அவ்விரு கேள்விகளையும் நான் கேட்டுக்கொண்டிருந்தால் அரை நிமிடத்தில் ஒப்பமிட்டிருப்பேன்.