மண்ணெண்ணெயில் ஓடிய ஏ40: ஒக்டேன் எண்ணின் கதை

பெற்றோல் செட்டுக்குப் போனால் இரண்டு எண்கள் இருக்கும்: 92, 95. 95க்கு விலை கூட. அதால அதுதான் 'நல்ல' பெற்றோல் என்று எங்கட ஆக்களில் கனபேர் நம்புகிறார்கள். புதிதாகப் பெற்றோல் பிக்கப் வாங்கினவர் காசைப் பாராமல் 95 அடிப்பதும் இந்த நம்பிக்கையில்தான். உண்மையில் அந்த எண், எரிபொருளுக்கும் எஞ்சினுக்கும் உள்ள பொருத்தம் பற்றியது. யாழ்ப்பாணத்தின் தொண்ணூறுகளைப் பார்த்தால் இது நன்றாக விளங்கும்.

முதலில் எண்ணைப் பார்ப்போம். எஞ்சினுக்குள் பெற்றோல் ஆவியும் காற்றும் கலந்து அமுக்கப்படும்; பிறகு பிளக் பொறி தட்டும். கூட அமுக்கினால் கூடச் சூடேறும். ஒரு எல்லை தாண்டினால், பொறியின் தீ பரவி வர முதலே மிச்சக் கலவை தானாக வெடித்துவிடும். இரும்பில் சுத்தியலால் தட்டுவதுபோலக் கேட்கும் அந்தச் சத்தம்தான் 'நொக்கிங்'. 1926இல் கிரஹாம் எட்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர் இதற்கு ஒரு அளவுகோல் செய்தார். இலகுவில் நொக் பண்ணும் ஹெப்டேனுக்கு 0, நன்றாகத் தாக்குப்பிடிக்கும் ஐசோ ஒக்டேனுக்கு 100. கூடிய எண் என்றால் கூடிய அமுக்கத்தைத் தாங்கும், அவ்வளவுதான். அதில் கூடுதல் சக்தி இருக்கிறது என்று அர்த்தமில்லை.

அந்த எண்ணை உயர்த்த மலிவான வழி ஒன்று ஏற்கனவே கையில் இருந்தது. 1921இல் தோமஸ் மிட்ஜ்லி பெற்றோலில் ஈயச் சேர்மம் கலந்து நொக்கிங்கை அடக்கினார். விற்கும்போது ஈயம் என்ற சொல்லையே விட்டுவிட்டு 'எதில்' என்று பெயர் வைத்தார்கள். 1924இல் நியூ ஜேர்சியில் அதைத் தயாரித்த ஆலையில் ஐந்து தொழிலாளர்கள் நஞ்சேறி இறந்தார்கள். ஆனாலும் விற்பனை நிரந்தரமாக நிற்கவில்லை. இலங்கையில் ஈயப் பெற்றோல் 2002இல்தான் நின்றது. உலகத்தில் கடைசியாக அல்ஜீரியாவில் 2021இல்.

எல்லா எஞ்சினும் அந்தப் பெரிய எண்ணைக் கேட்கவில்லை. யுத்தகாலம் தொடங்கி 1953 வரை பிரித்தானியாவில் கிடைத்தது 'பூல்' பெற்றோல் மட்டும்தான்; அதன் ஒக்டேன் 70ஐ ஒட்டியது. 1947இல் வந்த ஒஸ்டின் ஏ40 அதைக் குடித்து ஓடப் பிறந்த வண்டி. கலவையை ஏழு மடங்குக்குச் சற்று மேல்தான் அமுக்கும். காராகவும் வானாகவும் பிக்கப்பாகவும் செய்தார்கள். இலங்கைக்கும் அந்த வண்டிகள் வந்தன.

1990 யூனில் போர் திரும்பவும் தொடங்கியது. குடாநாட்டுக்குப் பெற்றோலும் டீசலும் தடை, கரண்டும் இல்லை. மண்ணெண்ணெய் மட்டும் கட்டுப்பாட்டோடு, கூடின விலைக்குக் கிடைத்தது. இராவில் படிக்கிற பிள்ளையின் விளக்குக்கும் பகலில் நோயாளியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றுகிற காருக்கும் அதே மண்ணெண்ணெய்தான்.

மண்ணெண்ணெயின் ஒக்டேன் பெற்றோலில் பாதிகூட இல்லை. அதோடு, எஞ்சின் குளிராக இருந்தால் சரியாக ஆவியாகாது. ஆகவே காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். புகை, மணம், நொக்கிங் எல்லாம் இருந்தன. எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலுக்குள் இறங்கி அதைத் தண்ணியாக்கியது. என்றாலும் வண்டி ஓடியது. குறைந்த அமுக்கமுள்ள ஏ40, மொறிஸ் மைனர் போன்ற பழசுகளுக்கு அது ஓரளவு ஒத்துப்போனது. கிழட்டு வண்டி என்று ஓரங்கட்டப்பட்டவை ஊரைச் சுமந்தன. அதற்குக் காரணம் எங்கட மெக்கானிக்மாரின் கைத்திறன் பாதி, 'பூல்' பெற்றோல் காலத்து எஞ்சின் பாதி.

இப்ப பிக்கப்புக்கு வருவோம். இன்றைய பெற்றோல் எஞ்சின்களில் பல, கலவையைப் பத்து மடங்குக்கு மேல் அமுக்குகின்றன. எந்த எண் வேண்டும் என்பது வண்டியோடு வரும் கைநூலில், பல வண்டிகளில் டாங்கி மூடியின் உட்புறத்திலும் இருக்கும். 92 போதும் என்று இருந்தால் 95 அடிப்பதால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. 95 வேண்டும் என்று இருந்தால் 92 அடித்து மிச்சம் பிடிக்கப் பார்க்க வேண்டாம். நொக்கிங்கை உணர்ந்து பொறியின் நேரத்தைப் பிந்தவைக்கும் கருவி புது வண்டிகளில் இருக்கிறது, ஆனால் அதற்கு விலையாக இழுவை குறையும். பாரம் ஏற்றுகிற வண்டிக்கு அது நட்டம். இன்னொன்று: அமெரிக்கக் கைநூலில் 87 என்று கண்டு குழம்ப வேண்டாம். அவர்கள் அளக்கும் முறை வேறு. அந்த 87 எங்கட கணக்கில் ஏறக்குறைய 91, 92.

மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டினவர்களும் அந்த எஞ்சின்களைத் திருத்தினவர்களும் இன்னும் எங்கட ஊர்களில் இருக்கிறார்கள். ஒரு ஸ்டார்ட்டுக்கு எவ்வளவு பெற்றோல் விட்டார்கள், எந்த எஞ்சின் முதலில் கைவிட்டது, விளக்குக்கா காருக்கா என்று வீட்டில் யார் முடிவெடுத்தது என்று அவர்களிட்டக் கேளுங்கோ. கேட்டதை எழுதி வையுங்கோ. வண்டியோடு வந்த எந்தக் கைநூலிலும் அது இல்லை.